எட்டுப் பவுண்டுக்கான ஸ்பிரிங்

2013 ஆகஸ்ட் 24, சனிக்கிழமை மாலை, மிசூரி மாநிலத்தின் ஓசார்க் ஏரிக்கரையில், கிராவல் கோவ் விசைப்படகுச் சங்கத்தின் மண்டபத்து வடக்குச் சுவரில், முறிந்த வால்வு ஸ்பிரிங் ஒன்று ஆணியால் அறையப்பட்டது. அதன் கீழே கறுப்புப் பெயின்டில் 'லியோட்டா ப்ரூயிட்' என்று எழுதப்பட்டது. வால்வு மூடியைத் திறந்து முறிந்த துண்டை எடுத்ததற்கு மேல் அந்த எஞ்சினை யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. பெயருக்குரியவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஸ்பிரிங் முறிந்தது உண்மை. அதைத் தேர்ந்தெடுத்தவள் லியோட்டா என்பதும் உண்மை. அது முறிந்ததற்குக் காரணம் லியோட்டா என்பது பொய். குற்றச்சாட்டு இவ்வளவே. ஆணியை அடித்த கை யாருடையது என்பது உரிய இடத்தில் சொல்லப்படும்.

வெளியார் கண்ணுக்கு அந்தச் சுவர் ஒரு வேடிக்கைதான். ஓட்டை விழுந்த பிஸ்டன், முறுக்கிய தண்டு, இதழ் பறிபோன சுழலி என்று, ஏரியில் வெடித்துச் செத்த எஞ்சின்களின் எலும்புகள் வரிசையாக அதில் தொங்குகின்றன. ஒவ்வொன்றின் கீழும் ஒரு பெயர். எல்லாவற்றுக்கும் மேலே, சங்கம் தொடங்கிய ஆண்டிலேயே எழுதிய பலகை ஒன்று இருக்கிறது: 'கடைசியாகக் கை வைத்தவன் பெயர் இங்கே.' அந்தச் சுவருக்கு அது ஒன்றே சட்டம். பெயர் ஏறியவன் அன்று மண்டபத்தில் இருக்கும் எல்லோருக்கும் பீர் வாங்கித் தர வேண்டும். தன் மடத்தனத்தைத் தானே கதையாகச் சொல்ல வேண்டும். எல்லோரும் சிரித்து முதுகில் தட்டுவார்கள். அதோடு கணக்குத் தீர்ந்தது. சங்கத் தலைவர் ஹாலிஸ் டீக்கின் பெயர் அதில் நான்கு இடங்களில் இருக்கிறது. புதிதாக வருபவர்களை அவரே கையைப் பிடித்து அழைத்துப்போய்க் காட்டுவார்.

டீக்குக்குப் பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறை இருந்தது. சுவரில் பெயர் ஏறினால் அது அவருக்கு விளம்பரம். லியோட்டாவுக்கு இருந்தது வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையும், 'லியோட்டா போட்ட ஸ்பிரிங் முறியாது' என்று ஏரிக்கரையில் உலவிய ஒரு பேச்சும்தான். அந்தப் பேச்சின் நெஞ்சில்தான் ஆணி இறங்கியது.

லியோட்டாவுக்கு அப்போது ஐம்பத்து நான்கு வயது. பதினெட்டு வயதில் அவள் காலணித் தொழிற்சாலையில் தையல் மெஷினின் முன் உட்கார்ந்தாள். நூலின் இறுக்கத்தைப் பிடித்துவைக்கும் சிறிய ஸ்பிரிங் ஒன்று அந்த மெஷினில் உண்டு. அது தளர்ந்தால் தையல் தொளதொளக்கும், இறுகினால் தோல் கிழியும். புதிய ஸ்பிரிங் பெட்டி வந்தால் மேஸ்திரி அவளைத்தான் கூப்பிடுவார். கட்டைவிரலால் ஒவ்வொன்றையும் அழுத்திப் பார்த்து, எது தேறும் எது தேறாது என்று பிரித்துக் கொடுப்பாள். அதற்குத் தனிக் கூலி கிடையாது. தொழிற்சாலையை மூடிக் கதவைப் பூட்டிய நாளில், மற்றவர்கள் அழுதுகொண்டு போனார்கள். அவள் தன் பத்து வருடச் சம்பளச் சீட்டுகளை ஒரு பெட்டியில் அடுக்கி எடுத்துக்கொண்டு போனாள். பிற்பாடு ஓய்வூதியத்தில் நான்கு மாதம் விடுபட்டிருந்ததைக் கண்டுபிடித்து வாங்கியவள் அவள் ஒருத்திதான். காகிதத்தின் மீது அவளுக்கு வந்த நம்பிக்கை அன்று வந்தது.

பிறகு உதிரிபாகக் கடை ஒன்றின் முன்மேசையில் வேலை கிடைத்தது. "உள்ள ஆம்பள யாராச்சும் இருக்காங்களாம்மா?" என்று கேட்டு வருபவர்களுக்கு நடுவே, மதிய உணவு வேளையில் அவள் கம்பெனிப் பட்டியல்களின் கடைசிப் பக்கங்களைப் படித்தாள். எந்த உயரத்துக்கு அழுத்தினால் எந்த ஸ்பிரிங் எத்தனை பவுண்டு எதிர்த்துத் தள்ளும் என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் அந்தப் பக்கங்களை வேறு யாரும் திருப்பியதாகத் தெரியவில்லை. முள் வைத்த பழைய அழுத்துமானி ஒன்றை ஏலத்தில் வாங்கினாள். கணவன் கார்லண்டின் மீன்பிடிப் படகில்தான் முதலில் கை வைத்தாள். அது ஓடியது. பக்கத்துத் துறைக்காரன் தன் படகைக் கொண்டுவந்தான். அதுவும் ஓடியது.

அவளுடைய முறையைப் பார்த்து ஆண்கள் சிரித்தார்கள். ஸ்பிரிங்குகளை வெறுங்கையால் தொட மாட்டாள். விரல் வியர்வை பட்ட இடத்தில்தான் துருவின் முதல் புள்ளி விழும், ஈரக்காற்று அடிக்கும் படகு எஞ்சினில் அந்தப் புள்ளியிலிருந்துதான் முறிவு தொடங்கும் என்பாள். குறடு கொண்டு பிடிக்க விடமாட்டாள். ஒரு எஞ்சினுக்குப் பதினாறு ஸ்பிரிங். எண்ணெயில் குளிப்பாட்டிய பதினாறையும், கேக் சுடும் குழித்தட்டுகள் இரண்டில் குழிக்கு ஒன்றாக வைப்பாள். பதினெட்டுக் குழிகளில் மீதி இருக்கும் இரண்டில் ஒன்றில் அவள் கண்ணாடி இருக்கும், மற்றதில் பென்சில் துண்டு. அந்தத் தட்டுகளில் அவள் கேக் சுட்டதை யாரும் பார்த்ததில்லை. ஒவ்வொன்றையும் மூடிய உயரத்துக்கும் திறந்த உயரத்துக்கும் அழுத்தி, முள் காட்டியதைச் சீட்டில் எழுதி, சீட்டை உறையில் போட்டு, உறைக்கு எண் போட்டு, இரும்பு அலமாரியில் வைப்பாள்.

இவை எல்லாவற்றையும்விட அவர்களுக்குப் பெரிய சிரிப்பாக இருந்தது அவளுடைய படிவம். படகுக்காரர் உட்கார்ந்து, தம் எஞ்சினின் காற்றழுத்தம் எவ்வளவு, உச்சச் சுழற்சி எவ்வளவு, படகை எதற்குப் பயன்படுத்துகிறார் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

அந்த ஆண்டு பிப்ரவரியில், ஏரியில் பனி ஓரம் கட்டியிருந்த ஒரு பகலில், பர்ல் ஆஷ்லாக் அவள் கொட்டகைக்கு வந்தார். கிராவல் கோவின் பெரிய படகுத்துறைக்குச் சொந்தக்காரர், கார்லண்டின் முதலாளி. அவருடைய படகின் பெயர் 'இரண்டாவது அடமானம்'. அதன் எஞ்சின் மேல் சூப்பர்சார்ஜர் ஒன்று சிம்மாசனம் போல உட்கார்ந்திருந்தது.

"மிஸ் லியோட்டா, நீ ஸ்பிரிங்கோட பேசுவியாமே? உன் வீட்டுக்காரன் சொல்றான்."

"நான் பேச மாட்டேன். அதுங்க சொல்றத எழுதிக்குவேன். உக்காருங்க பர்ல். காத்தழுத்தம் எத்தன பவுண்டு?"

"எட்டு."

"எட்டா, எட்டுக்குப் பக்கத்துலயா?"

"எட்டுன்னா எட்டுதான். என்ன, பைபிள் மேல கை வைக்கவா?"

"பைபிள் வேணாம். இந்தக் கோட்டு மேல ஒரு கையெழுத்து போதும்."

ஆஷ்லாக் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என் கல்யாணத்துக்குக்கூட நான் இவ்ளோ எழுதிக் குடுக்கல."

"எந்தக் கல்யாணத்துக்கு?" என்று வாசலில் நின்ற கார்லண்ட் கேட்டான்.

"மூணையும் சேத்துத்தான்டா சொல்றேன்!" ஆஷ்லாக் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

"படகு எதுக்கு?" என்று லியோட்டா விடவில்லை.

"சங்கத்தோட ஆகஸ்ட் ஓட்டத்துக்கு ஒரு நாள். மத்த நாள் பூரா பேரப்பிள்ளைங்கள ஏத்திக்கிட்டு ஒவ்வொரு ஓடையா நுழைஞ்சு மெதுவா சுத்துறதுதான். அதுங்க வாத்துக்கு ரொட்டி போடும்."

வாத்துக்கு ரொட்டி போடுவதையும் லியோட்டா எழுதிக்கொண்டாள். ஸ்பிரிங் தேர்வில் அது சிறு விஷயமில்லை.

சூப்பர்சார்ஜரின் வேலை, எஞ்சின் தானாக இழுக்கக்கூடியதைவிட அதிகமான காற்றை அதன் வாய்க்குள் திணிப்பது. திணிக்கப்பட்ட காற்று மூடிய வால்வின் முதுகில் நின்று, திற, திற என்று தள்ளிக்கொண்டே இருக்கும். அதை எதிர்த்து வால்வைப் பிடித்து மூடிவைத்திருப்பது ஸ்பிரிங் ஒன்றுதான். எட்டுப் பவுண்டு அழுத்தத்தில் வரும் காற்று, அந்த வால்வின் அகலத்துக்கு முப்பத்திரண்டு பவுண்டு பாரமாகத் தள்ளும். அந்தப் பாரம் போக ஸ்பிரிங்கிடம் இருநூறு பவுண்டாவது மிஞ்சினால்தான் உச்ச வேகத்தில் வால்வு ஒழுங்காக மூடும். இருநூறுக்குக் கீழே போனால் வால்வு துள்ளும். வால்வு துள்ளினால் ஸ்பிரிங்குக்குள் அலை ஓடும். அலை ஓடிய ஸ்பிரிங் முறியும்.

அவள் முன்னால் இரண்டு வகை ஸ்பிரிங் இருந்தன. ஒன்று இருநூற்று நாற்பது பவுண்டு, மற்றது இருநூற்றுத் தொண்ணூறு. கெட்டியானதைப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம் என்றுதான் தோன்றும். ஆனால் கெட்டியான ஸ்பிரிங் தன்னைத் தூக்கும் உருளையை ஓயாமல் நசுக்கும். படகு மெதுவாகச் சுற்றும்போது எண்ணெய் அந்த உருளைவரை தெறித்து ஏறாது. வாத்துக்கு ரொட்டி போடும் ஒரு கோடைக்குள் உருளைக்குள் இருக்கும் ஊசித் தாங்கிகள் பொடியாகி எஞ்சின் முழுக்கப் பரவிவிடும். நேர்ப்பாதையில் சில நொடி ஓடி நின்றுவிடும் பந்தயக் கார்களுக்கு அது செல்லும். நாள் முழுக்க ஓடும் படகுக்குச் செல்லாது.

அவள் இருநூற்று நாற்பதை எடுத்தாள். சொன்ன எட்டுக்கு மேல் இரண்டு பவுண்டு காற்று கூடினாலும் அது தாங்கும்.

கார்லண்ட் தட்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றான். "லீ, கெட்டியானதையே போட்டுடேன். எல்லாரும் அப்படித்தான பண்றாங்க."

"எப்படி?"

"படகுக்காரன் எட்டுன்னா மனசுக்குள்ள பதிமூணுன்னு வச்சுக்குவாங்க. பொய்க்கு அஞ்சு பவுண்டு. டீக் பட்டறையில சின்னப் பசங்களுக்குக்கூட அது தெரியும்."

"உருளை போயிடுமே?"

"போனா அடுத்த வருஷம் திரும்ப வருவான். அதுவும் பொழப்புதான்."

"அவரு எட்டுன்னு எழுதிக் குடுத்திருக்காரு கார்லண்ட்."

"எழுதிக் குடுத்தா?"

"எழுதிக் குடுத்தா அது எட்டு."

கார்லண்ட் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். அதற்கு மேல் பேசவில்லை. பேசியிருக்கலாம்.

ஏப்ரலில் எஞ்சினை ஓட்டிப் பார்த்தார்கள். லியோட்டா முதலில் மெதுவாக ஓட்டிச் சூடேற்றி, முழுதும் ஆறவிட்டு, மறுபடி ஓட்டினாள். புதிய ஸ்பிரிங் அப்படித்தான் பழக வேண்டும். ஆஷ்லாக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நெளிந்தார். இரண்டாம் முறை முழு வேகத்தில் ஓடியபோது சூப்பர்சார்ஜரின் ஓலம் ஏரி மேல் நீண்டது. அதன் சுருதியை அவள் மனத்தில் வாங்கிக்கொண்டாள். பிள்ளையின் அழுகையைத் தாய் அறிவது போல என்றெல்லாம் சொல்ல வேண்டியதில்லை; ஒரு மெஷினின் சத்தத்தை அதில் வேலை செய்தவள் அறிவது போல அறிந்தாள்.

ஆகஸ்ட் ஓட்ட நாள் வந்தது. கரை முழுக்க மடக்கு நாற்காலிகள், பீர்ப் பெட்டிகள், இறைச்சி சுடும் புகை. ஒவ்வொரு படகாக நேர்க்கோட்டில் பாய்ந்து வேகம் காட்டியது. 'இரண்டாவது அடமானம்' துறையை விட்டுக் கிளம்பியபோது லியோட்டா வறுத்த சோளத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். கடித்தது வாயிலேயே நின்றது. ஓலம் மெலிந்து, மேலே ஏறி, தகரத்தை ஆணியால் கிழிப்பது போலக் கேட்டது. சூப்பர்சார்ஜரைச் சுழற்றும் புல்லியைச் சிறியதாக மாற்றினால் அது வேகமாகச் சுற்றும், காற்று கூடும், ஓலம் உயரும். ஏரிக்கரையில் பிறந்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அவள் சோளத்தை நாற்காலியில் போட்டுவிட்டு, ஒலிபெருக்கியுடன் டீக் நின்ற மேடைக்கு ஓடினாள். மேடைப் படியில் கார்லண்ட் நின்றுகொண்டிருந்தான். சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் வேகங்களைக் குறிப்பது அவன் வேலை.

"ஹாலிஸ், அவர நிறுத்துங்க. புல்லி மாத்தியிருக்காரு."

"நீ பாத்தியா?"

"கேட்டேன். உங்களுக்குக் கேக்கல?"

டீக் ஒலிபெருக்கியை அணைக்காமலே சிரித்தார். கரை முழுக்க அந்தச் சிரிப்புக் கேட்டது. "மக்களே, மிஸ் லியோட்டாவுக்குக் காதுல பாட்டுக் கேக்குதாம்!"

"கார்லண்ட், நீ சொல்லேன். உனக்குக் கேக்குதுல்ல?"

கார்லண்ட் பென்சில் முனையைப் பார்த்தான். "போய் உக்காரு லீ" என்றான்.

படகு பாய்ந்தது. மூன்றாம் மிதவையைத் தாண்டியபோது, முந்தைய படகு விட்டுப்போன அலையில் அதன் மூக்கு தூக்கியது. சுழலி தண்ணீரை விட்டு ஒரு கணம் வெளியே வந்தது. எஞ்சின் அலறியது. பிறகு, கருங்கல்லைச் சம்மட்டியால் உடைத்தது போல ஒரு சத்தம். ஆஷ்லாக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. புகைக்குள் நின்று கையை ஆட்டினார். கூட்டம் கை தட்டியது. படகைக் கட்டி இழுத்து அவருடைய துறைக்கே கொண்டுபோனார்கள். லியோட்டாவை உள்ளே விடவில்லை. காப்பீட்டுக்காரர் வரும்வரை யாரும் தொடக் கூடாதாம். அரை மணி கழித்து மூடியைத் திறந்து, முறிந்த ஸ்பிரிங்கை எடுத்துக்கொண்டு எல்லோரும் மண்டபத்துக்கு வந்தார்கள்.

சுவரில் ஆணியடிப்பது செயலாளரின் வேலை. கார்லண்ட் சுத்தியலை எடுத்தபோது, அவன் அதை வேறு யாரிடமாவது கொடுப்பான் என்று லியோட்டா நினைத்தாள். அவன் கொடுக்கவில்லை. ஸ்பிரிங்கின் வளையத்துக்குள் ஆணியை வைத்து அடித்தான். பெயரையும் அவனே எழுதினான். நல்ல கையெழுத்து அவனுக்கு.

"சிரிச்சிடு லீ" என்று திரும்பாமலே சொன்னான். "எல்லாருக்கும் ஆளுக்கு ஒண்ணு வாங்கிக் குடு. இப்பவே முடிஞ்சிரும்."

"எஞ்சினப் பிரிங்க" என்றாள் லியோட்டா. "புல்லிய அளந்து பாருங்க."

"அளந்தாச்சு, பெரிய புல்லிதான் இருக்கு" என்றார் டீக். "இது கோர்ட் இல்லம்மா, சுவரு. என் பேரு நாலு தடவ இருக்கு. நான் அழுதேனா?"

"அம்மா தாயே, போனது என் எஞ்சின்" என்றார் ஆஷ்லாக், கையில் பீருடன். "நானே சிரிக்கிறேன். உனக்கு என்ன கேடு?"

மண்டபம் சிரித்தது. அந்தச் சுவரின் முன் பீர் வாங்காமல் வெளியேறிய முதல் ஆள் லியோட்டா. மறுநாள் ஏரி முழுக்கப் பேசப்பட்டது முறிந்த ஸ்பிரிங் அல்ல, வாங்கித் தராத பீர்.

செப்டம்பர் முதல் வாரத்தில் இரண்டு பேர், வால்வு வேலைக்காகத் தந்திருந்த தங்கள் எஞ்சின் ஹெட்டுகளைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார்கள். மூன்றாமவர் தொலைபேசியில், "உன் மேல ஒண்ணும் இல்ல லியோட்டா. என் வீட்டுக்காரிதான் பயப்படுறா" என்றார். அவருக்கு மனைவி இறந்து ஆறு வருடம். லியோட்டா அந்த உரையாடலைத் தேதியுடன் எழுதி உறையில் போட்டாள்.

ஒரு ஞாயிறு காலை. சர்ச்சுக்குப் போகும் முன், கார்லண்ட் பிஸ்கட் என்று அங்கே சொல்லும் மெத்து ரொட்டியின் மேல் மாவுக் குழம்பை ஊற்றிக்கொண்டிருந்தான். லியோட்டா ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்து தட்டின் பக்கத்தில் வைத்தாள். உள்ளே அவனுடைய நீலச் சட்டை, துவைக்காமல். ஓட்டத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை அவன் போட்டிருந்தது. வலது கை மடிப்பில் கறுப்புத் தூள், சூப்பர்சார்ஜர் பெல்ட்டைக் கழற்றி மாட்டுபவர்களின் கையில் மட்டும் ஒட்டும் தூள். ஓட்டம் முடிந்த இரவே சலவைக் கூடையில் அதைப் பார்த்திருந்தாள். கேட்கவில்லை. தானாகச் சொல்வான் என்று இருந்தாள்.

கார்லண்ட் பையின் மேல் ஒட்டியிருந்த காகிதத்தைப் படித்தான். "இதுக்கும் நம்பர் போட்டுட்டியா?"

"இருபத்தேழு."

கரண்டியை வைத்தான். "அவன் கேட்டான் லீ. பத்து நிமிஷ வேல. அவன் குடுக்குற சம்பளத்துலதான இந்தக் குழம்பு."

"சின்னத மாட்டினது நீ."

"ஆமா."

"சனிக்கிழமை கழட்டினது?"

"அதுவும்."

"நான் மேடைக்கு ஓடி வந்தப்போ பக்கத்துலயே நின்ன."

"நின்னேன்." தட்டைத் தள்ளி வைத்தான். "ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன். நீ வெளிய எட்டுன்னு சொன்னாலும் உள்ளுக்குள்ள அஞ்சு வச்சிருப்பேன்னு நெனச்சேன். யாரா இருந்தாலும் வச்சிருப்பாங்க."

இருபத்தொன்பது வருடம் ஒரே மேசையில் சாப்பிட்டவன் சொன்னது அது. எழுதிக் கொடுத்த வார்த்தையை அவள் நம்புவாள் என்று அவன் நம்பவில்லை. பெல்ட்டை மாட்டிய கையைவிட அந்த வாக்கியம்தான் அவளைத் தைத்தது. அதற்கு உறை கிடையாது.

"செயற்குழுவுல சொல்லு" என்றாள்.

"சொன்னா திங்கக்கிழமை எனக்கு வேல இருக்காது."

"எனக்கு இப்பவே இல்ல."

குழம்பு ஆறி ஆடை கட்டியது. அன்று அவர்கள் சர்ச்சுக்குப் போகவில்லை.

அக்டோபர் 8, செவ்வாய்க்கிழமை, செயற்குழு அவளுடைய புகாரை எடுத்துக்கொண்டது. அழுத்தச் சீட்டுகள், கையெழுத்திட்ட படிவம், கணக்கிட்ட தாள் எல்லாவற்றையும் ஒரு கோப்பாகக் கட்டி மேசையில் வைத்தாள். டீக் அதன் மேல் தன் பீர் டின்னை வைத்தார். மேசை ஈரமாகக் கூடாது என்று அவருக்கு அக்கறை. கார்லண்ட் ஓரத்தில் உட்கார்ந்து குறிப்பு எழுதினான்.

"எட்டுப் பவுண்டுன்னு எழுதிக் குடுத்துட்டு பதிமூணு வச்சு ஓட்டியிருக்காரு" என்றாள் லியோட்டா. "பதிமூணுக்கு வால்வு மேல அம்பத்திரண்டு பவுண்டு தள்ளும். மிச்சம் நூத்தி எண்பத்தெட்டு. தாங்காது. தாங்காதுன்னு அன்னிக்கு ஓடுறதுக்கு முன்னாடியே சொன்னேன்."

"சரிம்மா, பதிமூணுதான் வச்சேன்" என்றார் ஆஷ்லாக் சாவகாசமாக. "இந்த ஏரியில யாரு வைக்கல? ஹாலிஸ், நீ வைக்கல?"

"இது குறிப்புல ஏற வேணாம்" என்றார் டீக், கார்லண்டைப் பார்க்காமல். கார்லண்டின் பேனா நின்றது. "இங்க பாரு லியோட்டா. பர்ல் எட்டுன்னா அது எட்டு இல்லன்னு இந்த ஊரு நாய்க்குட்டிக்குக்கூடத் தெரியும். அவன் அம்மாவே அவன நம்பல. நீ நம்பினா அது யாரு தப்பு?"

"அப்ப கையெழுத்து எதுக்கு?"

"அத நாங்களும் ரொம்ப நாளா கேட்டுக்கிட்டிருக்கோம்" என்றார் ஆஷ்லாக். எல்லோரும் சிரித்தார்கள்.

உண்மையை யாரும் மறைக்கவில்லை என்பதை அப்போதுதான் அவள் கண்டாள். மறைத்திருந்தால் கண்டுபிடித்துக் காட்டியிருப்பாள்; அதற்குத்தான் அலமாரி நிறையத் தயாராக இருந்தாள். இவர்களோ உண்மையை நடுமேசையில் போட்டு, அதன் மேல் பீர் டின்னை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"சரி" என்றாள். "சுவத்துக்கு ஒரே சட்டம்தான். கடைசியா கை வச்சவன் பேரு. நான் ஏப்ரல்ல மூடி போட்டேன். அதுக்கப்புறம் ஒரு கை பட்டிருக்கு."

மண்டபம் அடங்கியது. அந்தப் பலகையோடு யாரும் விளையாட மாட்டார்கள்.

"யாரு கை?" என்றார் டீக். "பேரச் சொல்லு. மாத்திடறோம்."

ஆஷ்லாக் முகத்தில் சிரிப்புப் போய்விட்டது. அவர் பார்வை மேசை ஓரத்துக்குப் போனது. கார்லண்ட் தாளின் மேல் குனிந்திருந்தான். பேனா மூடியைக் கழற்றி மாட்டி, கழற்றி மாட்டிக்கொண்டிருந்தான். அவன் வாயைத் திறக்க லியோட்டா நேரம் கொடுத்தாள். எல்லோருக்கும் சங்கடமாகும் அளவுக்குக் கொடுத்தாள். பிறகு கோப்பின் மேலிருந்த டின்னைத் தூக்கி மேசையில் வைத்துவிட்டு, ஈர வட்டம் விழுந்த கோப்பை எடுத்துக்கொண்டு நடந்தே வீட்டுக்குப் போனாள். 'புகார்தாரர் பெயர் எதையும் கூறவில்லை. புகார் முடிக்கப்பட்டது' என்று குறிப்பில் ஏறியது. நல்ல கையெழுத்து அவனுக்கு.

அன்று அவள் வாய் திறக்காததற்குக் காரணம் இரக்கம் என்று ஊரில் சொல்வார்கள். இரக்கம் அல்ல. வாயால் சொன்னது எதுவும் அந்த மண்டபத்தில் குறிப்பில் ஏறாது என்பதை அவள் அன்று கண்ணால் பார்த்திருந்தாள்.

அக்டோபர் 14, திங்கட்கிழமை மதியம், சங்கத்தின் முன்னறையில் கார்லண்ட் உட்கார்ந்திருந்தபோது அவள் வந்து, தட்டச்சு செய்த இரண்டு பக்கங்களை அவன் முன் வைத்தாள். சங்கத்துக்கு வரும் கடிதங்களை வாங்கிக்கொள்வது செயலாளரின் வேலை. அவன் முதல் பக்கத்தைப் படித்தான். இரண்டாம் பக்கத்தில், நடுவில், தன் பெயரைப் பார்த்தான்.

"இத நீ குடுத்தே ஆகணுமா, லீ?"

"தேதி போட்டு வாங்கிக்க."

"பர்ல் நாளைக்கே என்னை அனுப்பிடுவான்."

"தெரியும்."

"வீட்டுல பேசியிருக்கலாம்."

"பேசினோம். நீதான் குறிப்புல ஏத்தல."

அவன் முத்திரையை எடுத்துக் குத்தினான். தேதியை எழுதினான். கையெழுத்துப் போட்டான். நகலில் மை காயும்வரை அவள் அதை விரல் நுனியில் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு உறையில் போட்டாள்.

அந்த இரண்டு பக்கங்கள் கேட்பவை இவை. வடக்குச் சுவரில் உள்ள ஸ்பிரிங்கின் கீழிருந்து லியோட்டா ப்ரூயிட் என்ற பெயர் அழிக்கப்பட வேண்டும். அந்த இடத்தில், சங்கத்தின் ஒரே சட்டப்படி, ஆகஸ்ட் 23 அன்று அந்த எஞ்சினில் கடைசியாகக் கை வைத்த கார்லண்ட் ப்ரூயிட்டின் பெயர் எழுதப்பட வேண்டும். காற்றழுத்தம் பதிமூன்று பவுண்டு என்று பர்ல் ஆஷ்லாக் அக்டோபர் 8 அன்று செயற்குழுவின் முன் ஒப்புக்கொண்டது குறிப்பில் சேர்க்கப்பட வேண்டும். ஆணியடித்தவரும், அழிக்கப்பட வேண்டிய பெயரை எழுதியவரும், எழுதப்பட வேண்டிய பெயருக்கு உரியவரும் ஒருவரே என்பதால், அழிக்கும் வேலையை அவரிடம் ஒப்படைக்கக் கூடாது. இவற்றில் எதையாவது சங்கம் மறுப்பதானால் மறுப்பதற்கான காரணத்தைக் கூற வேண்டும். பதில் முப்பது நாட்களுக்குள், தலைவரின் கையெழுத்துடன், எழுத்தில் வர வேண்டும். வாய்ச்சொல், சிரிப்பு, முதுகில் தட்டுதல், பீர் ஆகிய எதுவும் பதிலாக ஏற்கப்படாது.